ஈர மணலுக்கு வாங்கிய கொயில்

பார்சலைப் பிரித்ததும் புது ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த மணம் அறை முழுக்கப் பரவியது. உனக்குப் பிடித்த மணம். புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் முகர்ந்துவிட்டுத்தான் கையில் எடுப்பாய். நான் முகரவில்லை. பெட்டிக்குள் ஒரு கொயில் இருந்தது. மெட்டல் டிடெக்டரின் தடிக்குக் கீழே பூட்டுகிற வட்டத் தட்டு. மண்ணுக்குள் கிடக்கும் காசைக் கண்டுபிடிப்பது அதுதான். பெட்டியின் மேல் என் பெயர், என் வெள்ளவத்தை முகவரி. அதற்குக் கீழே உன் தொலைபேசி எண்.

நீ செத்து ஏழு கிழமை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எட்டு மாதம் என்னோடு ஒரு சொல் கதைக்காமல் இருந்தவன், சாமான் ஓடர் பண்ணும்போது மட்டும் என் வீட்டு முகவரியை எழுதியிருக்கிறான்! உனக்கு அது பழக்கம்தானே. ஹெட்போன், பற்றரி, கடல் தண்ணீர் புகாத உறை என்று நீ வாங்கியதெல்லாம் என் வீட்டுக்குத்தான் வரும். "கொட்டாஞ்சேனைக்கு வந்தா ரீட்டா கத்துவா மச்சான். ஒன்ட அட்ரஸ குடுக்கிறேன்" என்பாய். உன் மனைவிக்குப் பயந்து என் மனைவியிடம் நான் பேச்சு வாங்கிய நாட்கள் எத்தனை! சண்டைக்குப் பிறகும் அதே வேலையைப் பார்த்திருக்கிறாய் என்று நினைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை அப்படியே மூடி, ரீட்டாவுக்கு அனுப்பிவிடலாம், யாருக்காவது விற்றுக்கொள்ளட்டும் என்று ஒட்டுநாடாவைத் தேடினேன்.

இப்போது இதை எழுதுவதும் அந்தக் கோபத்தில்தான். வாயால் திட்டுவதற்கு நீ இல்லை. எழுதியாவது திட்டுகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நான் வேலை செய்த பாமசிக் கட்டடத்தின் லிப்டைத் திருத்த நீ வந்தாய். விரலை வெட்டிக்கொண்டு பிளாஸ்டர் கேட்டாய். காசுக்குப் பதிலாகச் சதுரமான பழைய ஐந்து சதக் குற்றி ஒன்றை மேசையில் வைத்து, "இது செல்லுமா முதலாளி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். நான் முதலாளி இல்லை, மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் என்றேன். "நானும் லிப்டு முதலாளி இல்ல" என்றாய். அந்தக் குற்றி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கடற்கரையில் என்றாய். அடுத்த ஞாயிறு காலை உன்னோடு நான் வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றேன். அதற்கு அடுத்த வருடம் எனக்கென்று ஒரு மெஷினும் வாங்கிவிட்டேன்.

ரெயில் பாதையைக் கடந்து, கருங்கல்லில் இறங்கினால் ஒடுங்கிய மணல். கோடைக்கு அங்கே சோடா மூடியும் வெள்ளித்தாளும்தான் கிடைக்கும். சோளகக் காற்று தொடங்கி, அலை மேல் மணலை அரித்துக்கொண்டு போன பிறகுதான் அடியில் கிடந்த பழசுகள் மேலே வரும். பூ விளிம்பு வைத்த பத்துச் சதம், வெள்ளைக்காரன் காலத்து ஒரு சதம், எந்த நாடென்று தெரியாத ஒரு செப்புக் காசு. விற்றால் ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் காணாது. நமக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. சத்தம் கேட்ட இடத்தில் கையை விட்டு, பச்சை பிடித்த ஒரு வட்டத்தை எடுத்துக் கடல் தண்ணீரில் அலசிப் பார்க்கிற அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இரண்டு கிழவன்கள் கிழமைக்கிழமை போனோம்.

நமக்குள் ஒரு சட்டம் இருந்தது. நீ போட்ட சட்டம். சத்தம் கேட்டவன் தோண்டக் கூடாது. "கேட்டவனுக்கு அவசரம் வந்துடும். காச கீறிப்புடுவான்" என்றாய். அதனால் என் மெஷின் கூப்பிட்டால் நீ குந்தியிருந்து தோண்டுவாய். உன் மெஷின் கூப்பிட்டால் நான். அதுவும் கையாலேயே தோண்ட வேண்டும். எடுத்ததைப் பார்க்காமல் மற்றவனின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு நாம் ஏதோ பூசை செய்வது போல இருந்திருக்கும்.

இன்னொரு சட்டம், கடிதம். இந்த நாட்டில் இந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு கண்டபடி திரிய முடியாது. நீதான் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி அனுமதிக் கடிதம் எடுத்தாய். ஒரே கடிதத்தில் இரண்டு பேருடைய பெயரும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பாய். உன் சிங்களம் நல்ல சிங்களம். என் சிங்களத்தைக் கேட்டால் சிங்களவரே தமிழுக்கு மாறிவிடுவார்கள். ஆகவே கடிதம் உன்னிடம், கதை உன்னுடையது, நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். பதினோரு வருடம் அது ஒழுங்காகத்தான் நடந்தது.

அந்த ஞாயிறு உன் மெஷினின் வயர் அறுந்திருந்தது. என்னுடையது மட்டும்தான் வேலை செய்தது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நான் தண்ணீர் ஓரமாக நடந்தேன். பின்னால் முப்பது அடி தள்ளி, நான் காட்டிய இடத்தில் நீ குந்தியிருந்து தோண்டிக்கொண்டிருந்தாய். யாரோ தோளில் தட்டினார்கள். திரும்பினால் இரண்டு பொலிஸ்காரர். என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். "பரண காசி", பழைய காசு, என்றேன். அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு ஒரு பயமும் வரவில்லை. கையை நீட்டி உன்னைக் காட்டி, கடிதம் அவரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

ஒருவர் உன்னைக் கூப்பிட்டார். நீ எழும்பினாய். முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினாய். இவரைத் தெரியுமா என்று அவர் கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். நன்றாகத்தான் பார்த்தாய். பிறகு, "நே சேர், தன்னே நே" என்றாய்.

தெரியாதாம். இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டதற்குச் சிப்பி பொறுக்க வந்தேன் என்று சொன்னாய். அறுபது வயதில் சிப்பி! கடிதம் உன் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் உறையின் விளிம்பு வெளியே தெரிந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. எடுத்து நீட்டியிருந்தால் இரண்டு நிமிடம். நீ திரும்பிப் பார்க்காமல் கருங்கல் ஏறி, ரெயில் பாதையைக் கடந்து போனாய்.

அவர்கள் என்னைத் திட்டவில்லை, தொடவில்லை. தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆனால் கடிதம் அவரிடம் என்று நான் சொல்ல, நீ என்னையே தெரியாது என்று சொன்ன பிறகு, என் பேச்சை யார் நம்புவார்கள்? ஈரக் காற்சட்டையோடு பொலிஸ் நிலையத்து மர வாங்கில் நான்கு மணித்தியாலம் இருந்தேன். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பக்கத்தில் மேசைமேல் என் மெஷின். இளம் பொலிஸ்காரர் ஒருவர் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். அந்தத் தேநீரின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. என்னைத் தேடிப் பொலிசுக்கு வந்த என் மனைவி உன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாளாம். அவர் வெளியே போய்விட்டார் என்று ரீட்டா சொன்னாளாம். பதினொரு மணிக்கு ஓர் ஓட்டோக்காரர் உள்ளே வந்து, பெரிய உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கடிதம். ஐந்து நிமிடத்தில் என்னை விட்டார்கள்.

கடிதத்தை ஓட்டோவில் அனுப்பினாய். நீ வரவில்லை. மறுநாள் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் உனக்குத் திருப்பி அனுப்பினேன். உள்ளே ஒரு வரிகூட எழுதவில்லை. தபால்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கும்போதாவது உனக்குச் சுடட்டும் என்று நினைத்தேன். உன் தொலைபேசியை எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் எதிர்பார்த்தேன். மூன்றாம் மாதத்திலிருந்து, எடுத்தால் என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல நல்ல வசனங்கள் வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

உன் செத்தவீட்டுச் செய்தி பாமசிக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். மாரடைப்பு என்றார். மாதம்பிட்டி மயானத்துக்கு வந்தேன். வாசலோடு நின்றேன், பெட்டிக்குக் கிட்டே வரவில்லை. தெரியாதவனின் பெட்டிக்குக் கிட்டே எனக்கு என்ன வேலை? முப்பத்தோராம் நாள் பூசைக்கு ரீட்டா சொல்லி அனுப்பினாள். அதற்கும் போகவில்லை.

அப்படி இருக்கையில்தான் இந்தப் பார்சல். ஒட்டுநாடா கிடைத்து, பெட்டியை மூடப் போனபோது வயரின் நுனியைப் பார்த்தேன். ஐந்து பின். உன் மெஷினுக்கு நான்கு. உன்னுடையது வேறு கம்பனி. அதன் சாமான் இதற்குப் பூட்டாது, இதன் சாமான் அதற்குப் பூட்டாது என்று நாமே எத்தனை தரம் சலித்திருக்கிறோம். கட்டிலுக்கு அடியிலிருந்து என் மெஷினை இழுத்தேன். பத்து மாதத் தூசு. பழைய கொயிலைக் கழற்றிப் புதியதைச் செருகினேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

சுவிட்சைப் போட்டதும் வீடே அலறியது. மறந்துவிட்டேன், பிளாட் தரைக்குள் முழுக்கக் கம்பி. குசினியிலிருந்து மனைவி, "என்னப்பா அது, அம்புலன்சே? ஆருக்கும் வருத்தமே?" என்று ஓடி வந்தாள். மெஷினைப் பல்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய், மரக் கதிரையில் ஏற்றி, கொயிலை வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். பத்துச் சதம் ஒன்றை அதன் முன்னால் ஆட்டிப் பார்த்தேன். பழைய கொயிலுக்கு ஒரு சாண் தள்ளினால் காது கேட்காது. இது ஒன்றரைச் சாணிலும் மெதுவாக, சுத்தமாகக் கூப்பிட்டது. "நல்ல காசு மெதுவாத்தான் கூப்பிடும்" என்று நீ சொல்லுவாயே, அந்தக் கூப்பிடல். பிறகு வாளியில் பூச்சாடி மணலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, குசினி உப்பில் அரைப் பக்கற்றைக் கரைத்துப் பார்த்தேன். பழையதென்றால் உப்பு ஈரத்தைக் கண்டதும் பைத்தியம் பிடித்தது போலக் கத்தும். இது வாயே திறக்கவில்லை. இரட்டைச் சுற்றுக் கொயில்; ஈர மணலுக்கென்றே செய்தது.

ஈர மணலில் என் கொயில் மானத்தை வாங்குகிறது என்று பத்து வருடமாக முறைப்பட்டவன் நான். "புதுசு ஒண்டு வாங்கேன்டா கஞ்சன்" என்று பத்து வருடமாகச் சொன்னவன் நீ. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது உனக்காக வாங்கியதல்ல என்று. விளங்கியதும் கோபம் இன்னும் ஏறியது. வாயால் ஒரு சொல் சொல்ல முடியாதவன், வெளிநாட்டிலிருந்து பார்சல் எடுப்பிக்கிறானாம்! உனக்கு என் வீடு தெரியாதா? கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் கடலா இருக்கிறது? பஸ் ஏறி வந்து, "மச்சான், பிழை செஞ்சிட்டேன்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன, அடித்தா இருப்பேன்? அடித்திருப்பேன்தான். அடித்துவிட்டுச் சோறு போட்டிருப்பேன்.

கொயிலைக் கடற்கரையில் போட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. என் பலவீனம் உனக்குத் தெரியும், அதனால்தான் இதை அனுப்பினாய். ஆனால் கடிதம் இல்லாமல் இனி நான் மணலில் கால் வைக்கமாட்டேன். கடிதம் உன் வீட்டில். ஆகவே கொட்டாஞ்சேனைக்கு வந்தேன்.

ரீட்டா கதவைத் திறந்து, நிலையில் கையை வைத்து வழியை மறித்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சிச்சாண்ணே?"

"கடிதம் ஒண்டு எடுக்க வந்தனான், தங்கச்சி."

"கடுதாசிக்குத்தான் வந்தீங்களா? சரி, வந்தீங்களே. இருங்க."

உன் கதிரையில் நான் இருக்கவில்லை, மற்றதில் இருந்தேன். அலுமாரியைத் திறந்து கடிதத்தைக் கொண்டுவந்து தந்தாள். அதே பிளாஸ்டிக் உறை. முதலில் என் பெயர், அடுத்தது உன் பெயர். வருட முடிவு வரை செல்லும். பார்சல் வந்ததா என்று கேட்டாள். டெலிவரிக்காரர் உன் தொலைபேசிக்குத்தான் எடுத்தாராம், இவள்தான் வெள்ளவத்தையிலேயே கொடுக்கச் சொன்னாளாம்.

"அது என்ர மெஷினுக்கு வாங்கின சாமான். உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாம? நாந்தான் ஒங்க மெஷின் பேர போன்ல எழுதினேன். கண்ணாடி போட்டாலும் அவருக்கு அந்தச் சின்ன எழுத்து வெளங்காது."

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் புருஷனைப் பறிகொடுத்தவள் என்பதும் மறந்துபோயிற்று. "என்னைத் தெரியாது எண்டு சொன்னவர், ரீட்டா. பொலிசுக்கு முன்னால. பொக்கற்றில கடிதத்தை வச்சுக்கொண்டு. அதை உங்களுக்குச் சொன்னவரோ?"

"அண்டைக்கே சொன்னாரு" என்றாள். பிறகு மெதுவாக, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

யுத்த காலம், உனக்கு இருபத்துநாலு வயதாம். லிப்ட் வேலைப் பையில் வயரும் பற்றரியுமாக வீதியில் நடந்து வந்த உன்னை, குண்டுச் சாமான் என்று சந்தேகித்துப் பொலிசார் பிடித்தார்களாம். அந்த நேரம் உன்னோடு வேலை செய்கிறவன் ஒருவன் எதிரே வந்தானாம். இவனைத் தெரியுமா என்று அவனிடம் கேட்டார்களாம். தெரியும், என் கூட்டாளி என்றானாம். அவனையும் ஜீப்பில் ஏற்றினார்களாம். பதினொரு நாள் இரண்டு வீட்டுக்கும் ஒன்றும் தெரியாதாம். அவன் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், அன்று பின்னேரமே வீட்டுக்குச் சொல்லியிருப்பான், யாராவது வந்து மீட்டிருப்பார்கள் என்று நீ இவளிடம் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாயாம்.

"ஒருத்தன் உள்ளுக்குப் போனா ஒருத்தன் வெளிய இருக்கணும்னு சொல்லுவாரு. ரெண்டு பேரும் போயிட்டா தேட ஆளில்லன்னு. அண்டைக்கு அதுதாண்ணே வாயில வந்திருக்கு."

பதினொரு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் உன்னோடு நின்றேன். உன் பிரஷர் எவ்வளவு, உன் மூலத்துக்கு என்ன மருந்து என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதைச் சொல்லவில்லை நீ. ஊரில் நான் பட்டதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். "பாவம்டா" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். உன்னுடையதைச் சொல்ல நான் ஆள் இல்லையா?

"ஆனா இஞ்ச கடிதம் இருந்தது, தங்கச்சி! ரெண்டு பேற்ற பேரும் இருந்தது! ஆரும் ஆரையும் ஏத்தியிருக்க மாட்டினம்."

"அது எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து ஒக்காந்தப்புறம் அவருக்கும் தெரியும். தலையில தலையில அடிச்சிக்கிட்டாரு. நாந்தான் கடுதாசிய எடுத்திட்டு ஓடுங்கன்னு ஓட்டோ புடிச்சுக் குடுத்தேன்."

"ஓட்டோக்காரன்தானே வந்தவன். அவர் வரேல்லையே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வந்தாருண்ணே. அந்த ஓட்டோலதான் வந்தாரு. வாசல்ல எறங்கக் கால் வரல்லயாம். ஓட்டோக்காரன்ட்ட குடுத்தனுப்பிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டிருக்காரு. நீங்க வெளிய வந்து, அக்காவோட பஸ்ஸில ஏறுற வரைக்கும் நிண்டாராம்."

அங்கே நின்றாயா? நான் ஈரக் காற்சட்டையோடு, மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலி வீதியில் உலகமே பார்க்கிற மாதிரி வெளியே வந்தபோது நீ எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாயா? அந்த வீதியைக் கடக்க எத்தனை அடி, சொல்லு. மஞ்சள் கோடுகூட இருக்கிறது. ஒரு கூப்பிடு கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் நான் திரும்பியிருப்பேன். எட்டு மாதம் வந்திருக்காது.

எட்டு மாதம் வந்ததால் நடந்ததைத்தான் ரீட்டா கடைசியாகச் சொன்னாள். சாவதற்கு முன் மூன்று கிழமை உனக்கு நெஞ்சு எரிவாம். வயிற்று வாயுதான், காஸ் என்றாயாம். படியேறினால் காஸ், குளித்தால் காஸ். "வெள்ளவத்தையில அண்ணன்ட்ட போய்க் காட்டுங்கன்னு சொன்னேன். எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போறதுன்னாரு. இங்க சந்தியில காஸ் குளிச வாங்கி வாங்கிப் போட்டாரு" என்றாள்.

அடேய். முப்பத்தைந்து வருடம் மருந்து கொடுத்தவன் நான். காஸ் என்று வந்து நின்ற எத்தனை பேரின் முகத்தைப் பார்த்து, வியர்வையைப் பார்த்து, குளிசை கொடுக்காமல் ஈசிஜி எடுக்கத் துரத்தியிருக்கிறேன்! அதில் நாலைந்து பேர் இன்றைக்கும் காலி வீதியில் என்னைக் கண்டால் நின்று கும்பிடுகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள். நீ வந்து என் மேசைக்கு முன்னால் நின்றிருந்தால் போதும். கோபத்தில் நான் முகத்தைத் திருப்பியிருந்தாலும், ஓரக்கண்ணால் பார்த்திருப்பேன். பார்த்ததும் உன் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். ஒரு வெட்கத்துக்காக நீ செத்தாய். நானும் சும்மா இல்லை, பதிவுத் தபாலில் அந்த வெட்கத்தை உனக்கு அனுப்பி வைத்தவன் நான்தான். இதை எழுத வைப்பது உன்மேல் உள்ள கோபமா, என்மேல் உள்ளதா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

போக எழும்பியபோது ரீட்டா கேட்டாள்: "ஞாயித்துக்கெழம கடலுக்குப் போறீங்களா?"

"ஓம். கொயிலைப் போட்டுப் பாக்க வேணும்."

"நானும் வாறேன். இருபது வருசமா விடிய விடிய எழும்பிப் போனாரே, அங்க என்னதான் செஞ்சாருன்னு ஒரு நாளாவது பாக்கணும்."

வந்தாள். கறுப்புச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, கையில் சோறு போடுகிற அகப்பையோடு வந்தாள். கையால்தான் தோண்ட வேண்டும் என்று நம் சட்டத்தைச் சொன்னேன். "அவர் போட்ட சட்டமெல்லாம் அவரோட போகட்டும்" என்றாள். நான் மெஷினின் சுவிட்சைப் போட்டேன்.

அலை நனைத்துவிட்டுப் போன மணலில் கொயிலை இறக்கினேன். ஒரு சத்தம் இல்லை. இந்தக் கடற்கரையில் இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. இடமும் வலமுமாக வீசி வீசி நடந்தேன். பத்து அடியில் கூப்பிட்டது. காட்டினேன். அவள் அகப்பையால் கோரினாள். சோடா மூடி. அடுத்தது ஈயக் குண்டு, மீன் வலையில் கட்டுவது. அடுத்தது புது இரண்டு ரூபாய். கோரிய குழிக்குள் தண்ணீர் ஏறி ஏறி அவள் சேலை முழங்கால் வரை நனைந்தது. தண்டவாளத்தில் ஒரு ரெயில் போனபோது மட்டும் கொயில் கொஞ்சம் முணுமுணுத்தது. பிறகு, நான் போயிருக்கவே மாட்டேன் என்கிற அளவு தண்ணீர் ஓரத்தில், மெல்லிய ஒரு கூப்பிடல். முழங்கை ஆழம். அவள் அகப்பையை எறிந்துவிட்டுக் கையை விட்டாள். பச்சை பிடித்த ஒரு சதம், எழுத்துகூடத் தெரியவில்லை. உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா?" என்றாள்.

"இதுக்குத்தான்" என்றேன்.

"இதுக்கா என்ட பேச்சையும் வாங்கிட்டு, காலையில தேத்தண்ணியும் குடிக்காம ஓடி ஓடி வந்தாரு? இதுக்காண்ணே?" குரல் ஏறிக்கொண்டே போனது. நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. நானும் தொடங்கினேன். சிப்பிக் கதையைச் சொன்னேன். அவள் நீ மறைத்து வைத்த மருத்துவச் சீட்டுகளைச் சொன்னாள். ஈசிஜி எடுக்கச் சொல்லி அதில் ஒன்று இருந்ததாம், பைபிளுக்குள் மடித்து வைத்திருந்தாயாம். உன்னைப் பைத்தியக்காரன், விசரன் என்றேன் நான். அவள் அதைவிடப் பெரிதாகச் சொன்னாள், இங்கே எழுத முடியாது. காலை நடை வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். மேலே ரெயில் பாதை ஓரமாகப் பொலிஸ்காரர் ஒருவர் நடந்து வந்தார். நான் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கையில் பிடித்தேன். அவர் மெஷினைப் பார்த்தார், நனைந்த சேலையோடு கத்திக்கொண்டிருந்த ரீட்டாவைப் பார்த்தார். குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அவள் களைத்துப்போய் மணலில் இருந்தாள். நானும் ஒரு கை தள்ளி இருந்தேன். வீட்டில் உன்னைப் பற்றிப் பேசினால் என் மனைவி, "செத்தவரை ஏசாதேங்கோ" என்று வாயை அடைக்கிறாள். கொட்டாஞ்சேனையில் எல்லாரும் உன்னை நல்லவர், தங்கமானவர் என்று சொல்லிச் சொல்லி ரீட்டாவின் காது புளித்துப்போயிருக்கிறது. அப்படிச் சொல்பவர்கள் யாருக்கும் நீ தேவைப்படவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும்தான் நீ தேவைப்பட்டாய். அதனால்தான் இந்தக் கோபம் எங்களோடேயே இருக்கிறது. நான் அதை இறக்கி வைப்பதாகவும் இல்லை.

"அண்ணே, அவர மன்னிச்சிட்டீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை."

"நானும் இல்ல" என்றாள். சேலையை உதறிக்கொண்டு எழும்பினாள். அகப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு, "அடுத்தது எங்க, காட்டுங்க" என்றாள்.